ரயிலுக்குள் ஒரு விளக்கு: சார்பியல் கணக்கை இரண்டு பத்தியில் போடும் முறை

ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலில் மாட்டிக்கொண்டு தவிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் வரவில்லை என்று நான் நினைக்கவில்லை. அதில் வரும் கணிதம் வர்க்கமூலத்தைத் தாண்டுவதே இல்லை. ரயிலுக்குள் இருப்பவர் அளந்த தூரத்தை எடுத்து, மேடையில் நிற்பவர் அளந்த நேரத்தால் வகுத்து, இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் விடை கோணலாக வந்ததும் இந்த விஷயமே புரியாது என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். என் அக்கா மகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கும் இதே தகராறுதான். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை இருக்கிறதே, அங்கே உட்கார்ந்து இரண்டு சாயங்காலங்களில் அதைத் தீர்த்தோம். செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு தாள், பேனா, 30 சென்டிமீட்டர் அடிக்கோல், கொஞ்சம் நூல், இவ்வளவுதான் தேவை.

தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘மேடை’, வலப்பக்கம் ‘ரயில்’ என்று தலைப்பு எழுதுங்கள், இவைதான் நம் இரண்டு பத்திகள். இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு நேரமும் ஒவ்வொரு நீளமும் இந்த இரண்டில் ஒன்றுக்குள்தான் இருக்க வேண்டும், யார் அளந்தது என்று சொல்ல முடியாத எண்ணை எழுதவே கூடாது. இரண்டு பத்திக்கும் பொதுவாக வருவது இரண்டே இரண்டு. ஒன்று, நிகழ்ச்சிகள்: ‘விளக்கு எரிந்தது’, ‘ஒளி பின்சுவரைத் தொட்டது’ போன்றவை. தொட்டதா இல்லையா என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது, எப்போது, எங்கே என்பதில்தான் வரும். இரண்டாவது, ஒளியின் வேகம்.

ஒவ்வொரு பத்தியும் ஒரு குறிப்பாயம், அதாவது இடத்தையும் நேரத்தையும் அளக்கும் ஒரு ஏற்பாடு. குறிப்பாயம் என்றதும் ஒரு ஆள் நின்று கண்ணால் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம், அங்கேதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. மேடை நெடுக மீட்டருக்கு ஒரு கடிகாரம் வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரம் காட்டும்படி சரிசெய்துவிட்டதாக நினையுங்கள். ஒரு நிகழ்ச்சி எந்தக் கடிகாரத்தின் பக்கத்தில் நடந்ததோ அந்தக் கடிகாரம் காட்டிய நேரம்தான் மேடையின் நேரம். தூரத்தில் நடந்ததன் ஒளி உங்கள் கண்ணுக்கு வந்துசேர எடுக்கும் தாமதத்துக்கு இதில் வேலையே இல்லை. ரயிலுக்குள்ளும் இதே மாதிரி ஒரு கடிகார வரிசை. பார்ப்பது வேறு, அளப்பது வேறு.

எந்த ரயில் கணக்குக்கு ஆகும்?

சிறப்புச் சார்பியலின் எளிய விதிகள் நிலைமக் குறிப்பாயத்துக்குத்தான், அதாவது வேகமும் திசையும் மாறாமல் போகிற ஒன்றுக்கு. இதை எங்கள் சிங்கப்பூரின் எம்ஆர்டி நகர ரயிலிலேயே சோதித்துவிடலாம். டௌன்டவுன் தடத்தில் ஏறுங்கள், முழுக்கச் சுரங்கம், வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. மேலே தொங்கும் கைப்பிடிகளைக் கவனியுங்கள். ரயில் கிளம்பும்போது பின்னால் சாயும், பிரேக் பிடிக்கும்போது முன்னால் சாயும், நடுவே கொஞ்ச நேரம் நேராகத் தொங்கும். அந்த நேரான சில விநாடிகள்தான் நமக்கு வேண்டிய ரயில். அப்போது 20 காசு நாணயத்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். விழ அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் அதற்குள் 10 மீட்டர் போயிருக்கும். நாணயம் உங்கள் காலடியில்தான் விழும். மேடைப் பத்தியில் அது வளைந்து 10 மீட்டர் பறந்தது, ரயில் பத்தியில் நேராக இறங்கியது, இரண்டும் சரி.

கலிலியோ 1632இல் இதையே கப்பலின் அடித்தள அறையை வைத்துச் சொன்னார்: கப்பல் ஒரே சீராகப் போனால், உள்ளே சொட்டும் தண்ணீரையும் பறக்கும் பூச்சியையும் வைத்துக் கப்பல் நகர்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. ஐன்ஸ்டைன் 1922 நவம்பர் 2ஆம் தேதி ஜப்பானுக்குப் போகும் வழியில் ‘கிதானோ மாரு’ என்ற கப்பலில் சிங்கப்பூர் வந்தார் என்று படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அறைதான். அவரும் அப்படி ஒரு அறையில் படுத்துத்தான் இங்கே வந்திருப்பார்.

நம் நிலம்கூடக் கறாராகப் பார்த்தால் நிலைமம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே பூமியின் சுழற்சி நம்மை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே கொண்டுபோகிறது. 1971இல் ஹாஃபலே, கீட்டிங் என்ற இருவர் சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது கிழக்கே சுற்றியவை 59 நானோ விநாடி (ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோ விநாடி) பின்தங்கின, மேற்கே சுற்றியவை 273 நானோ விநாடி முந்தின. உயரத்தால் ஈர்ப்பு குறைவதும் அதில் கலந்திருக்கிறது, ஆனால் இரண்டு திசைக்கும் விடை வேறுவேறாக வந்ததற்குக் காரணம் பூமியின் சுழற்சி. நம் கணக்கு சில நானோ விநாடியில் முடிந்துவிடும், அதனால் மேடையை நிலைமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒளிவேகத்தை ஏன் இரண்டு பத்தியிலும் ஒரே எண்ணாக எழுதுகிறோம்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மைக்கல்சன், மோர்லி பரிசோதனையைச் சொல்லித்தான் தொடங்குவார்கள், எனக்கு மேக்ஸ்வெல்லிடமிருந்து தொடங்குவதுதான் பிடிக்கும். 1860களில் அவர் மின்சாரத்துக்கும் காந்தத்துக்குமான சமன்பாடுகளை ஒன்றாகச் சேர்த்தபோது, அவற்றிலிருந்து ஒரு அலையும் அந்த அலைக்கு ஒரு வேகமும் தானாக வெளியே வந்தன. மேசைமேல் வைத்து அளக்கக்கூடிய மின், காந்த மாறிலிகளிலிருந்து கிடைத்த அந்த வேகம் ஒளியின் வேகமாக இருந்தது. இதில் முக்கியமானது, யாரை வைத்து அளந்த வேகம் என்று சமன்பாட்டில் எங்கேயுமே இல்லை. ஒலி என்றால் காற்றை வைத்துச் சொல்வோம். ஒளிக்கும் ‘ஈதர்’ என்று ஒன்று இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தார்கள். 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கல்சனும் மோர்லியும் ஒரு கற்பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன்மேல் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்துச் செங்குத்தான இரண்டு திசைகளில் அனுப்பித் திரும்பச் சேர்த்தார்கள். ஈதர் இருந்திருந்தால், விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பூமி சூரியனைச் சுற்றுவது அதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஐன்ஸ்டைன் 1905இல் எடுத்த முடிவு எளிமையானது. நாணயத்துக்குப் பொருந்திய விதி ஒளிக்கும் பொருந்தட்டும், சீராகப் போகும் எந்த ரயிலிலும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் அப்படியே இருக்கட்டும் என்றார். அப்படியானால் அவற்றிலிருந்து வரும் வேகமும் எல்லாருக்கும் ஒன்றேதான். நேரடிச் சான்று வேண்டுமென்றால் 1964இல் செர்ன் ஆய்வகத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒளிவேகத்தில் 0.99975 பங்கு வேகத்தில் போய்க்கொண்டிருந்த பையான் துகள்கள் சிதைந்து, முன்பக்கமாகக் காமாக் கதிரை விட்டன. பழைய கூட்டல் கணக்குப்படி அந்தக் கதிர் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒளிவேகத்தில் வந்திருக்க வேண்டும். அளந்தபோது சாதாரண ஒளிவேகமே வந்தது. எனக்கு இதைவிடத் திருப்தியான சான்று வேறு இல்லை.

வெற்றிடத்தில் அந்த வேகம் விநாடிக்கு 299,792,458 மீட்டர். கண்ணாடியிலும் தண்ணீரிலும் ஒளி மெதுவாகத்தான் போகும், கடலடி ஃபைபர் கம்பியில் விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர்தான், அதனால் ‘மாறாத வேகம்’ என்றால் எப்போதும் வெற்றிடத்து வேகம். 1983இலிருந்து மீட்டரையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். கணக்குக்கு நாம் இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர், உங்கள் கையில் இருக்கும் அடிக்கோலின் நீளம்.

முதல் கணக்கு: சதுரங்கப் பலகையில் ஒரு கடிகாரம்

நம் ரயில் ஒளிவேகத்தில் 0.6 பங்கு வேகத்தில் போகிறது. உள்ளே தரையில் ஒரு விளக்கு, அதற்கு நேர்மேலே 2.4 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு கண்ணாடி. விளக்கிலிருந்து கண்ணாடிக்கு ஒளி போக எவ்வளவு நேரம்?

ரயில் பத்தி: நேர்மேலே 240 சென்டிமீட்டர், 30ஆல் வகுத்தால் 8 நானோ விநாடி. முடிந்தது.

மேடைப் பத்திக்குச் சதுரங்கக் கட்டத்துக்கு வாருங்கள். ஒரு கட்டம் 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் கூரை 4 கட்டம் மேலே. ஒளி மேலே ஏறும் நேரத்தில் கண்ணாடி வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது, அதனால் மேடைக்கு ஒளியின் பாதை சாய்வுக்கோடு. 3 கட்டம் வலப்பக்கம், 4 கட்டம் மேலே உள்ள புள்ளிக்கு நூலைப் பிடித்து, அந்த நூலைப் பலகை ஓரத்தில் வைத்து அளங்கள். சரியாக 5 கட்டம் வரும். ஒளி 5 கட்டம் போகும் நேரத்தில் ரயில் 3 கட்டம், 0.6 பங்கு, கணக்கு பொருந்துகிறது. 5 கட்டம் என்பது 300 சென்டிமீட்டர், அதாவது மேடையின் கடிகாரங்களில் 10 நானோ விநாடி.

ஒரே விளக்கு, ஒரே கண்ணாடி, ரயிலில் 8, மேடையில் 10. ஒளிவேகத்தை இரண்டு பத்தியிலும் 30 என்று எழுதியதைத் தவிர நாம் வேறு ஒன்றும் செய்யவில்லை. இந்த 10/8, அதாவது 1.25, இந்த வேகத்துக்கான காரணி. எந்த வேகத்துக்கும் வேண்டுமென்றால், வேகத்தின் பங்கை வர்க்கப்படுத்தி, 1இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 1ஐ அதால் வகுங்கள். உண்மையான எம்ஆர்டிக்கு இதைப் போட்டால், மணிக்கு 80 கிலோமீட்டரில் நிற்காமல் ஒரு மணி நேரம் போகும் ரயிலில் ஏறத்தாழ 10 பிக்கோ விநாடி குறையும். அவ்வளவு நேரத்தில் ஒளி 3 மில்லிமீட்டர் போகும்.

ஓடும் பெட்டியின் நீளத்தை மேடை அளந்தால் அதே காரணியால் வகுத்த அளவு வரும். பயணத் திசையில் மட்டும்தான், கூரை உயரம் மாறாது. இதை இப்போதைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மியூயான் என்ற துகளிடம் போகும்போது இது ஏன் தவிர்க்க முடியாதது என்று தெரியும்.

இரண்டாவது கணக்கு: ஒரே நேரம் என்பது யாருடைய நேரம்

கால விரிவைவிட, அதாவது 8 நானோ விநாடி மேடைக்கு 10 ஆனதைவிட, இதுதான் ஆழமான இடம், இங்கே அவசரப்படாதீர்கள். நம் எம்ஆர்டி பெட்டி ஒன்று ஏறத்தாழ 23 மீட்டர். கணக்கு முழு எண்ணில் வர 24 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள், இது ரயில் பத்தியின் நீளம். நடுவில் விளக்கு எரிகிறது. ஒளி முன்சுவரை எப்போது தொடும், பின்சுவரை எப்போது தொடும்?

ரயில் பத்தி: இரண்டு பக்கமும் 12 மீட்டர், இரண்டு பக்கமும் 40 நானோ விநாடி. ஒரே நேரம்.

மேடைப் பத்தி: பெட்டி 24ஐ 1.25ஆல் வகுத்த 19.2 மீட்டர், பாதி 9.6 மீட்டர். பின்சுவர் ஒளியை நோக்கி வருகிறது. 20 நானோ விநாடியில் ஒளி பின்னால் 6 மீட்டர் போகிறது, சுவர் முன்னால் 3.6 மீட்டர் வருகிறது, கூட்டினால் 9.6. ஆகவே பின்சுவரைத் தொட்டது 20இல். முன்சுவர் ஒளியை விட்டு விலகுகிறது. 80 நானோ விநாடியில் ஒளி 24 மீட்டர் போகிறது, சுவர் 14.4 மீட்டர் ஓடியிருக்கிறது, அதோடு ஆரம்ப இடைவெளி 9.6ஐச் சேர்த்தால் அதே 24. ஆகவே முன்சுவரைத் தொட்டது 80இல். ரயிலுக்கு ஒரே நேரத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே மேடைக்கு 60 நானோ விநாடி இடைவெளி.

இந்த இடத்தில் அக்கா மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “மாமா, பின்சுவர் கணக்குல 9.6 மீட்டரை 20 நானோ விநாடியில மூடுதுன்னா அது ஒளிவேகத்தைவிட 1.6 மடங்கு ஆச்சே? எதுவும் அதைத் தாண்டாதுன்னு சொன்னீங்களே?” நல்ல கேள்வி, நிறையப் பேர் இங்கே சறுக்குவார்கள். 1.6 என்பது எந்தப் பொருளின் வேகமும் இல்லை. மேடைப் பத்திக்குள் இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்கும் விகிதம் அது. ஒளி 1 என்ற வேகத்தில் போகிறது, சுவர் 0.6இல் வருகிறது, இரண்டும் மேடை அளந்த எண்கள், ஒரே பத்திக்குள் இருப்பவற்றைத் தாராளமாகக் கூட்டலாம். ரயில் பத்திக்குத் தாண்டினால்தான் கூட்டக் கூடாது.

“அப்ப யாரு சொல்றது சரி?” என்றாள் அடுத்து. இரண்டும் சரி. ஒன்றின் கடிகார வரிசையை இன்னொன்று பார்த்தால் அவை ஒரே நேரம் காட்டும்படி வைக்கப்படவில்லை என்றுதான் தெரியும். ‘ரயிலின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று மேடை சொல்கிறது, மேடையின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று ரயில் சொல்கிறது, இது முரண்பாடு இல்லையா’ என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்த 60 நானோ விநாடியில்தான் இருக்கிறது.

பத்தி விட்டுப் பத்தி போக

சாங்கி விமான நிலையத்தின் நடைப்பட்டையில் அது மணிக்கு 2 கிலோமீட்டர், நீங்கள் அதன்மேல் 4 கிலோமீட்டர் என்றால் தரைக்கு 6. நம் அன்றாட வேகங்களுக்கு இது போதும். சரியான விதி என்னவென்றால், இரண்டு வேகங்களையும் ஒளிவேகத்தின் பங்காக எழுதுங்கள், கூட்டுங்கள், அந்தக் கூட்டலை, 1உடன் இரண்டின் பெருக்கலைச் சேர்த்து வரும் எண்ணால் வகுங்கள். 0.6 ரயிலுக்குள் 0.6 வேகத்தில் முன்னால் எறிந்த பந்து மேடைக்கு 1.2ஐ 1.36ஆல் வகுத்த 0.88. பந்துக்குப் பதில் டார்ச் அடியுங்கள், 1.6ஐ 1.6ஆல் வகுத்தால் 1. ரயில் வேகத்தை என்னவாக மாற்றினாலும் அந்த 1 நகராது.

‘ஒளியோடு சேர்ந்து நாமும் போனால் எப்படித் தெரியும்’ என்று மூன்றாவது பத்தி போட ஆசை வரும். போடாதீர்கள். அந்தப் பத்தியில் ஒளி நிற்க வேண்டும், அதே நேரத்தில் ஒளிவேகத்திலும் போக வேண்டும். அப்படி ஒரு குறிப்பாயம் கிடையாது.

மூன்றாவது பத்தி நியாயமாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, இரட்டையர் கணக்கு. அண்ணன் பூமியில், தம்பி 0.6 வேகத்தில் பூமிக் கணக்கில் 5 ஆண்டு போய், 5 ஆண்டு திரும்பி வருகிறார். அண்ணனுக்கு 10 ஆண்டு, தம்பிக்கு 8. தம்பி பார்வையில் அண்ணன்தானே நகர்ந்தார் என்று மடக்குவார்கள். கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள், திரும்பியபோது சாய்ந்தது தம்பியின் கைப்பிடி மட்டும்தான். அவருக்குப் போகும்போது ஒரு பத்தி, வரும்போது இன்னொரு பத்தி. திரும்பும் கணத்தில் பூமியின் காலண்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டால் முதல் பத்தி 3.2 ஆண்டு என்கிறது, அடுத்தது 6.8 ஆண்டு என்கிறது. தொலைந்ததாக நினைத்த 3.6 ஆண்டு பத்தி மாறியதில் இருக்கிறது.

மியூயானை வைத்துச் சரிபாருங்கள்

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூயான் என்ற துகள்களை உண்டாக்குகின்றன. நீங்கள் இதைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக ஏறத்தாழ விநாடிக்கு ஒன்று போய்க்கொண்டிருக்கும். மியூயானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி, அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். அது எப்படித் தரைவரை வருகிறது?

இரண்டு பத்தி போடுங்கள். வேகம் 0.998, காரணி 15.8. தரைப் பத்தி: 15 கிலோமீட்டர் தூரம், அதைக் கடக்க 50 மைக்ரோ விநாடி, ஆனால் மியூயானின் ஆயுள் 15.8 மடங்கு நீண்டு 35 மைக்ரோ விநாடி. பாதி வழியில் பல சிதைந்தாலும் நாலில் ஒன்று வந்து சேரும். மியூயான் பத்தி: ஆயுள் அதே 2.2தான், ஆனால் காற்றுமண்டலம் 15 கிலோமீட்டரை 15.8ஆல் வகுத்த 950 மீட்டர்தான் தடிமன், அதைக் கடக்க 3.2 மைக்ரோ விநாடி. 35க்கு 50, 2.2க்கு 3.2, விகிதம் ஒன்றேதான். நாலில் ஒன்று தரையைத் தொட்டது என்பது நிகழ்ச்சி, அதில் இரண்டு பத்தியும் ஒத்துப்போக வேண்டும், நீளம் குறுகாவிட்டால் ஒத்துப்போகாது. நான் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான்.

கைப்பேசியில் டாக்சி எங்கே வருகிறது என்று பார்க்கும்போதும் இந்தக் கணக்கு உள்ளே ஓடுகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும், உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 முந்தும், நிகரம் 38. அவ்வளவு நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் என்பதால், அதைத் திருத்தித்தான் அனுப்புகிறார்கள்.

இப்போது தாளைத் திருப்பி, ரயில் வேகத்தை 0.8 ஆக்கி முதல் இரண்டு கணக்குகளையும் நீங்களே போடுங்கள். சதுரங்கப் பலகையில் அதே 3, 4, 5 முக்கோணம்தான், படுக்கையும் உயரமும் இடம் மாறியிருக்கும், ஒரு கட்டம் 80 சென்டிமீட்டர். கூரைக் கண்ணாடிக்கு மேடையில் 13.3 நானோ விநாடி வர வேண்டும். 24 மீட்டர் பெட்டியில் மேடைக்குப் பின்சுவர் 13.3, முன்சுவர் 120. வேறு எண் வந்தால் பெட்டியின் நீளத்தை ரயில் பத்தியிலிருந்து அப்படியே மேடைக்குக் கொண்டுபோய்விட்டீர்களா என்று முதலில் பாருங்கள், மேடைக்கு அது 14.4 மீட்டர்.